திசை காட்டும் சிறு சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் தாங்கள் பள்ளிக்கு வரும் வழியைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். பூந்தமல்லி - ஆவடி சாலையில், பாரிவாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கி வரும் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "ஐ கெட் டவுன் ஃப்ரம் த பஸ். ஐ கிராஸ் த ரோடு பை ரன்னிங். ஐ என்டர் இன்டு த ஸ்கூல்."

மூன்று வரிகளையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அவள் நோட்டோடு வந்து நின்றாள். "மிஸ், ரோட்டை ஓடிக் கடந்தேன்னுதானே எழுதியிருக்கேன், இதுல எது தப்பு?" என்று கேட்டாள். "இங்கிலீஷ்ல அப்படி வராதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே பயிற்சிக்கு அவள் எழுதியது ஒரே வரி: "ஐ கோ டு ஸ்கூல் பை பஸ்." ஒரு பிழையும் இல்லை. ஆனால் சாலையும் இல்லை, ஓட்டமும் இல்லை. தெரிந்ததை எல்லாம் எழுதத் துணிந்த பிள்ளையை, தப்பில்லாததை மட்டும் எழுதும் பிள்ளையாக மாற்றியிருந்தேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று தேடியதில் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வினை இடம் மாறுகிறது

"ஓடிக் கடந்தேன்" என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எப்படி நகர்ந்தேன் என்பது ஒன்று, அது விதம். எந்தப் பக்கமாக நகர்ந்தேன் என்பது இன்னொன்று; அது திசை. தமிழ் திசையை வினைமுற்றில் வைக்கிறது: கடந்தேன். விதத்தை வினையெச்சமாக முன்னால் வைக்கிறது: ஓடி.

ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. விதம்தான் அங்கே முதன்மை வினை: "ரேன்." திசை, வினைக்குப் பின்னால் வரும் ஒரு சிறு சொல்லுக்குப் போய்விடுகிறது: "அக்ராஸ்." ஆகவே "ஐ ரேன் அக்ராஸ் த ரோடு."

இன்னும் சில எடுத்துக்காட்டுகள்:

ஓடி வெளியேறினான் - ஹி ரேன் அவுட்.
பந்து உருண்டு இறங்கியது - த பால் ரோல்ட் டவுன்.
குழந்தை தவழ்ந்து நுழைந்தது - த பேபி கிரால்ட் இன்.
ஆற்றை நீந்திக் கடந்தாள் - ஷி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்.
நடந்து திரும்பினோம் - வி வாக்ட் பேக்.

ஐந்திலும் ஒரே ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். தமிழின் வினையெச்சம் ஆங்கிலத்தில் வினையாகிறது. தமிழின் வினைமுற்று ஆங்கிலத்தில் சிறு சொல்லாகிறது. என் மாணவி "கடந்தேன்" என்பதை வினையாகவே வைத்துக்கொண்டு, "ஓடி" என்பதற்கு "பை ரன்னிங்" என்று எழுதினாள். இலக்கணப்படி அந்த வாக்கியம் பிழையானது அல்ல. ஆங்கிலம் பேசுவோர் இயல்பாகச் சொல்லும் முறை அது இல்லை, அவ்வளவுதான். கவனக்குறைவு என்று நான் எண்ணியது, உண்மையில் தமிழின் ஒழுங்கை அவள் ஆங்கிலத்திலும் சரியாகப் பின்பற்றியதன் விளைவு.

அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985 முதல் எழுதிய ஆய்வுகளில் உலக மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்துக் காட்டினார். தமிழ், ஸ்பானியம், ஜப்பானியம் போன்றவை திசையை வினைக்குள் வைப்பவை. ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் போன்றவை திசையை வினையைச் சுற்றி வரும் சிறு சொற்களிலும் ஒட்டுகளிலும் வைப்பவை. ஆகவே இந்தத் தடுமாற்றத்தை நம் பிள்ளைகளின் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

"என்டர் இன்டு" ஏன் தவறு?

ஆங்கிலத்திலும் திசையை உள்ளேயே வைத்திருக்கும் வினைகள் உண்டு: "என்டர், எக்சிட், அசென்ட், டிசென்ட், ரிட்டர்ன்." இவை லத்தீன் மூலத்திலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்தவை. நமது நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, திரும்பு போலவே நடந்துகொள்கின்றன. "என்டர்" என்பதற்குள் "உள்ளே" ஏற்கெனவே இருக்கிறது. அதனால் "இன்டு" தேவையில்லை. "என்டர் த ஸ்கூல்" போதும். "ரிட்டர்ன் பேக்" என்பதும் இப்படித்தான். "திரும்பி வந்தான்" என்று தமிழில் இரண்டு சொல் வருவதால் பிள்ளைகள் அங்கேயும் இரண்டு சொல் தேடுகிறார்கள். ஒப்பந்தம் செய்துகொள்வது போன்றவற்றைச் சொல்லும்போது "என்டர் இன்டு" சரி.

பெயர்ச்சொல் வந்தால்

"கம் இன்" என்றால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. இங்கே "இன்" வினையடை. எதற்குள் என்று சொல்ல வேண்டுமானால் "கம் இன்டு த ரூம்." இங்கே "இன்டு" முன்னிடைச்சொல், அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆக வேண்டும். இப்படியே "கோ அவுட்" என்பது "கோ அவுட் ஆஃப் த ரூம்" ஆகும். "ரன் அவே" என்பது "ரன் அவே ஃப்ரம் த டாக்" ஆகும். "அப், டவுன், அக்ராஸ்" ஆகியவை மாறாமல் இரண்டு வேலையும் செய்யும்: "கோ அப்", "கோ அப் த ஸ்டெப்ஸ்."

பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும் தனிக்கதை. நமக்குப் பேருந்தானாலும் ஆட்டோவானாலும் ஏறு, இறங்கு என்ற இரண்டே சொற்கள். ஆங்கிலத்தில் பேருந்து, ரயில், சைக்கிள் என்றால் "கெட் ஆன், கெட் ஆஃப்." கார், ஆட்டோ என்றால் "கெட் இன், கெட் அவுட்." எழுந்து நின்று நடக்க இடமிருக்கும் வண்டியும், மேலே ஏறி உட்காரும் வண்டியும் "ஆன்"; உடலைக் குனிந்து உள்ளே நுழைக்க வேண்டிய வண்டி "இன்" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். "கெட் டவுன் ஃப்ரம் த பஸ்" இந்தியாவெங்கும் வழங்குகிறது. கேட்பவருக்குப் புரியவும் புரியும். அதைப் பெருங்குற்றமாக்காமல், "வெளியூர்க்காரர்கள் இப்படிச் சொல்வார்கள்" என்று அறிமுகம் செய்தால் போதும்.

ஒரே வினை, பல திசைகள்

சிறு சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம் என்பது ஆங்கிலத்துக்கு இருக்கும் வசதி. நமக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். "உபரிநீர் ஏரியிலிருந்து வெளியேறி, மணப்பாக்கத்தைத் தாண்டி, சைதாப்பேட்டை வழியாகச் சென்று, கடலில் கலக்கிறது." தமிழில் நான்கு வினைகள். ஆங்கிலத்தில் ஒன்றே: "த வாட்டர் ஃப்ளோஸ் அவுட் ஆஃப் த லேக், பாஸ்ட் மணப்பாக்கம், த்ரூ சைதாப்பேட்டை அண்ட் இன்டு த சீ." இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு, விரலை நகர்த்திக்கொண்டே சொல்ல வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை எந்த வகுப்பிலும் இது எடுபடுகிறது.

வருவதும் போவதும்

ஒரு விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் நெருங்கி வருகின்றன. பேசுபவர், கேட்பவர் பக்கம் வருவதை "வா" என்றும், அவர்களை விட்டு அப்பால் செல்வதைப் "போ" என்றும் பிரிக்கிறோம். தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியவை என்று வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் "கம், கோ" அப்படி. "எடுத்துக்கொண்டு வா" என்பதை நம் பிள்ளைகள் "டேக் அண்ட் கம்" என்கிறார்கள். "ப்ரிங்" என்ற சொல்லுக்குள்ளேயே "வா" இருக்கிறது, "டேக்" என்பதற்குள் "போ" இருக்கிறது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

வகுப்பறையில் செய்தவை

தொடக்க வகுப்புகளுக்குப் பாலம் நம் பேச்சிலேயே இருக்கிறது. உள்ளே வா, வெளியே போ, மேலே ஏறு, கீழே இறங்கு என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அந்த உள்ளே, வெளியே, மேலே, கீழே ஆகியவைதான் "இன், அவுட், அப், டவுன்." பிள்ளைகளை எழுப்பி, வாசற்படியிலும் வராந்தாவிலும் நடக்கவும், குதிக்கவும், பதுங்கிச் செல்லவும் விட்டுக் கட்டளைகளாகவே பழக்குங்கள்: "ஜம்ப் டவுன்", "டிப்டோ இன்", "ரன் பேக்."

ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பத்திகள் போடலாம். இடப்பக்கம் விதம்: ஓடு, நட, குதி, உருள், பற. வலப்பக்கம் திசை: உள்ளே, வெளியே, மேலே, கீழே, குறுக்கே, திரும்ப. ஒரு மாணவர் இடமிருந்து ஒரு சொல், இன்னொருவர் வலமிருந்து ஒரு சொல் எடுக்க, மூன்றாமவர் வாக்கியம் சொல்ல வேண்டும். ஆறும் ஐந்தும் சேர்ந்து முப்பது இணைகள் கிடைக்கின்றன. ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. "கிவ் அப்", "லுக் ஆஃப்டர்" போன்றவற்றின் பொருளைத் திசையிலிருந்து ஊகிக்க முடியாது. கையேடுகள் பலவற்றில் இவையும் "ரன் அவுட்", "கோ அப்" போன்றவையும் அகர வரிசையில் ஒரே பட்டியலாகக் கலந்து கிடக்கின்றன. அதனால் எல்லாமே மனப்பாடச் சுமையாகத் தோன்றுகிறது. திசை இணைகளை முதலில் முடியுங்கள். மற்றவற்றைப் பிறகு, பாடத்தில் வரும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த மாணவி எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இந்தப் பதிலை நான் சொல்லவே இல்லை. இப்போது யாராவது நோட்டோடு வந்து "இதுல எது தப்பு?" என்று கேட்டால், முதலில் சிவப்புப் பேனாவை மூடி வைக்கிறேன். "தமிழ்ல சரியா யோசிச்சிருக்கே. ஓடி எங்கே இருக்கு, கடந்தேன் எங்கே இருக்கு, காட்டு. ரெண்டையும் இடம் மாத்திப் போடு பார்ப்போம்" என்கிறேன். பெரும்பாலும் அவர்களே திருத்திக்கொள்கிறார்கள். அடுத்த வாரமும் ஐந்து வரி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.