தேர்ச்சிக் கணக்கில் வராத பிள்ளைகள்: ஓசூர் எல்லையில் பள்ளிகளின் பொறுப்பு

பிளஸ் 2 தேர்வில் மாணவிகள் முந்துவது ஆண்டுதோறும் வரும் செய்தி. 2025-இல் தமிழகத்தில் மாணவிகள் 96.70 சதவீதமும் மாணவர்கள் 93.16 சதவீதமும் தேறினார்கள். தேர்வு எழுதியவர்களின் கணக்கு இது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பெண்ணும், ஒன்பதாம் வகுப்பில் டிசியைக் கையில் வாங்கிக்கொண்டு ஓசூர் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்த பையனும் இதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆண்களில் ஏறக்குறைய 79 சதவீதத்தினரும் பெண்களில் 64 சதவீதத்தினரும் எழுத்தறிவு பெற்றவர்கள். பிள்ளைகள் இப்படி நின்றுபோவதற்கு வறுமையையும் ஊர் வழக்கத்தையும் காரணம் சொல்வார்கள். பள்ளிக்கும் இதில் பங்குண்டு என்று சொன்னால் ஏதாவதொரு அலுவலர் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால் அந்தப் பேச்சு எழுவதில்லை.

முதலில் கழிப்பறை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, மாணவருக்கும் மாணவிக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்கிறது. ஆனால் பல பள்ளிகளில் கட்டடம் நிற்கும், கதவில் பூட்டுத் தொங்கும், சாவி ஆசிரியர் அறையில் இருக்கும். ஆண் ஆசிரியரிடம் போய்ச் சாவி கேட்கக் கூசும் பெண் பிள்ளை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறது; மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மாதத்துக்கு மூன்று நாள் போனால் கணக்குப் பாடம் கைநழுவ அது போதும். பிறகு 'பெண்ணுக்குக் கணக்கு வராது' என்று பள்ளியே சொல்லிவிடும்.

பெற்றோர் இங்கே செய்யும் தவறு, தலைமை ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டுத் திரும்புவது. வாயால் சொன்னதற்குப் பதிவு கிடையாது. குறையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குழுவில் முக்கால்பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அசைவு இல்லையென்றால், தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலரிடமும் மனு தர வேண்டும். நகல் கிருஷ்ணகிரி முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. தேதி, பள்ளியின் பெயர், தீர்மானத்தின் நகல் மூன்றும் இருக்க வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. சீட்டு இல்லாத மனு குப்பைக்கூடைக்குப் போனாலும் கேட்க முடியாது. பராமரிப்புப் பணம் எங்கே போனது என்று அறிய, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

பாலியல் தொல்லை இதைவிடப் பெரிய ஆபத்து. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே தனியார் பள்ளியில் நடந்த போலி என்சிசி முகாம் வழக்கில் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். 2025 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மூவர் கைதானார்கள். இத்தகைய நேரத்தில் பல வீடுகளில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள். குற்றவாளி வேலையில் தொடர்கிறார். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்பவர் யாராக இருந்தாலும் நம்பக் கூடாது. தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 எண்ணிலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ உடனே சொல்ல வேண்டும். சிறுமியின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத போலீசார்தான் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பள்ளிக்கு வராமல் நின்ற சிறுமிக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தாலும் அதே 1098தான். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருப்பவர் மாவட்டச் சமூகநல அலுவலர்தான்.

மாணவர்களைப் பள்ளி இழப்பது வேறு வழியில். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் ஆசையில், படிப்பில் பின்தங்கிய பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றச் சட்டம் விடாது. அதற்கு மேல், 'சொந்த விருப்பத்தின்பேரில் டிசி வாங்குகிறோம்' என்று பெற்றோரிடமே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டபின் எந்த அலுவலகத்தில் முறையிட்டாலும் அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

எல்லைப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அப்பாவுக்கு அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ வேலை கிடைத்ததும் பிள்ளையை நடுவில் கர்நாடகப் பள்ளிக்கு மாற்றி, இரண்டு ஆண்டில் திரும்பக் கூட்டிவருகிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும், மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் படிப்புதான் பொதுவான தகுதி. உதவித்தொகை இப்போது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நடுவில் விட்ட இரண்டு ஆண்டு, எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் கர்நாடகப் பள்ளியின் டிசியில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்கிவிட வேண்டும். திரும்பச் சேர்க்கும் நாளிலேயே மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண் பழையதுதானா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று குறித்த படிப்புச் சான்று வாங்கிவைக்க வேண்டும். உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மாணவி அல்லது மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், அப்பாவின் கணக்கு செல்லாது.