கடல்மேற் காற்றை அளக்கும் துணைக்கோள்கள்

மாலையில் கடற்கரையில் நின்று கதிரவன் மறைவதைக் காண்கிறோம். அதன் கீழ்விளிம்பு நீரைத் தொடுவதாகத் தோன்றும் அந்நேரத்தில் கதிரவன் உண்மையில் அங்கு இல்லை. கணக்குப்படி முழுவதும் அடிவானத்தின் கீழ் இறங்கிவிட்டது. காற்று ஏறத்தாழ அரைப் பாகை வளைத்துக் கொணர்ந்த ஒளியையே நாம் காண்கிறோம். நீர்க் குவளையில் இட்ட பென்சில் ஒடிந்தாற்போல் தோன்றுவதை வகுப்பில் காட்டிய ஆசிரியர்களுக்கு இது புதிதன்று.

இவ்வளைவு வானநூலார்க்கு நெடுங்காலம் தொல்லையாகவே இருந்தது. ஆனால், எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால், வளைத்த காற்றின் தன்மையைக் கணக்கிடலாம் அல்லவா? இந்த எண்ணம் பூமிக்கு முன் செவ்வாய்க்குப் பயன்பட்டது. 1965 ஜூலையில் மரைனர் 4 அக்கோளின் பின்னே சென்று மறைந்தபோது, அது அனுப்பிய ரேடியோ அலைகள் அங்குள்ள காற்றின் ஊடே வந்தன. அவற்றை ஆராய்ந்தே, செவ்வாயின் காற்றழுத்தம் நம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கண்டனர்.

பூமிக்கு இம்முறை வந்தது 1995இல். ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சிறு துணைக்கோள் ஒன்றில் வாங்கிக் கருவியை வைத்தால், அதன் பார்வையில் ஜி.பி.எஸ். கோள்கள் பூமியின் விளிம்பில் மறைந்தும் எழுந்தும் வரும். மறையும் ஓரிரு நிமிடங்களில் அலை, காற்றின் அடுக்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் துருவி வருகிறது. வளைவினால் அதிர்வெண்ணில் நேரும் சிறு மாறுதலை அளந்து வளைவையும், வளைவிலிருந்து காற்றின் அடர்த்தி, வெப்பம், நீராவி ஆகியவற்றையும் கணிக்கின்றனர். இதனை ‘வானொலி மறைப்பு முறை’ எனலாம். வானொலி என்றதும் பாட்டும் செய்தியுமே நினைவுக்கு வருவோர் ‘ரேடியோ மறைப்பு’ என்று வழங்கட்டும். பொருள் விளங்கினால் போதும்.

கடலுக்கு இதனால் என்ன நன்மை? நிலத்தில் வானிலை நிலையங்கள் நாள்தோறும் பலூன் விடுகின்றன. உலகப் பரப்பில் பத்தில் ஏழு பங்கான கடலிலோ, பலூன் விடத் தீவுகளும் சில கப்பல்களுமே உண்டு. வெப்பக் கதிர்களைக் கொண்டு பார்க்கும் துணைக்கோள்களை மேகம் மறைத்துவிடுகிறது. ஜி.பி.எஸ். அலைகளோ 19, 24 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. மேகத்தையும் மழையையும் பொருட்படுத்தாமல் ஊடுருவும். 2006 ஏப்ரலில் தைவானும் அமெரிக்காவும் ஆறு கோள்களை அனுப்பின; 2019 ஜூனில் வெப்ப மண்டலத்துக்கென்றே மேலும் ஆறு. இடையில், 2015 டிசம்பரில், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெலாக்ஸ்-சிஐ இதே பணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

ஆனால் மேகமும் மழையும் பிறக்கும் கீழ்க் காற்றிலேதான் இம்முறை இடறுகிறது. நீராவி மிகுந்த இடத்தில் அலை பல வழிகளாகப் பிரிந்து வரும். முற்காலக் கருவிகள் சற்றுமுன் வந்த அலையைக் கொண்டு அடுத்ததை எதிர்நோக்கியதால், அந்தக் குழப்பத்தில் தடம் தவறின. பிறகு, அலை இவ்வாறு வரக்கூடும் என முன்கூட்டிக் கணித்து, வந்ததை எல்லாம் பதிவுசெய்து, தரையில் பிரித்தறியும் வழி கண்டனர். இடர் பெரிதும் நீங்கியது.

மற்றோர் இடர் எளிதில் நீங்குவதன்று. கலிபோர்னியா, பெரு ஆகியவற்றின் கரைகளை அடுத்துக் குளிர்ந்த கடல் இருக்கிறது. அதன்மேல் ஈரமான குளிர்காற்று. அதற்கும் மேல் மூடியிட்டாற்போல் வெம்மையான உலர்ந்த காற்று. இரண்டும் சந்திக்கும் எல்லையில் நீராவி திடீரெனக் குறைவதால், அலை பூமியின் வளைவுக்கு ஈடாகவோ மிகுதியாகவோ வளைந்து சிறைப்படுகிறது. கப்பல் ராடார் சில நாள்களில் அடிவானத்துக்கு அப்பாலுள்ள கப்பலையும் காட்டுவது இதே காரணத்தாலாகும். மாலுமிக்கு நன்மையான இது, ஆராய்ச்சியாளர்க்குத் தீமை. சிறைப்பட்ட அலையின் செய்தி துணைக்கோளை எட்டாததால், கீழுள்ள ஈரம் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கில் வருகிறது. இதைத் திருத்த, வேறு துணைக்கோள்கள் நுண்ணலை கொண்டு அளந்த மொத்த நீராவிக் கணக்கைத் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எனினும் அந்தக் கூரிய வளைவே மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. கலிபோர்னியக் கரையருகே ஒரு கிலோமீட்டருக்கும் தாழ்ந்து கிடக்கும் அம்மூடி, ஹவாய்த் தீவுகளை நோக்கிச் செல்லச் செல்ல ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை உயர்வதை, ஆளில்லாத அந்தப் பெருங்கடலின் மீது இப்போது துணைக்கோளிலிருந்தே அளந்து வருகின்றனர்.