உங்களுக்குத் தெரியுமா? லாரிக்கும் யூரியா வேண்டும்!

ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் லாரிகளில் டீசல் டேங்க் தவிர இன்னொரு சின்ன டேங்கும் உண்டு. அதில் ஊற்றுவது யூரியா கரைசல். சூட்டில் யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா, வினையூக்கியின் உதவியோடு புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

கரைசலின் அடர்வு 32.5 சதவீதம். இது எடைக் கணக்கு; இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். ஒரு லிட்டர் கரைசலின் எடை சுமார் 1.09 கிலோ. ஆக, அதிலுள்ள யூரியா சுமார் 354 கிராம். யூரியாவின் மோலார் நிறை 60 கிராம் என்பதால், லிட்டருக்கு 5.9 மோல்.

அதென்ன 32.5? இந்த விகிதத்தில்தான் உறைநிலை மிகவும் இறங்கி மைனஸ் 11 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. ஒரகடத்து வெயிலில் கரைசல் உறையும் கவலை இல்லை. லடாக் ஏறும் லாரிக்கு உண்டு. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலோ, அதிலுள்ள உப்புகள் வினையூக்கியையே கெடுத்துவிடும்.