உரிமமும் உடைமையும்: கலிபோர்ணியத் தொழில்வழிச் சிகிச்சைச் சபை பற்றிய ஒரு நோக்கு

அரசின் இயல்பை ஆராயும்போது பொலிஸ், நீதிமன்றம், சட்டமன்றம் ஆகியவற்றையே நாம் பெரிதும் கருத்திற் கொண்டு வந்துள்ளோம். தொழில்சார் உரிமச் சபைகள் நமது கவனத்தை ஈர்த்ததில்லை. ஆயின், யார் எத்தொழிலைச் செய்து பிழைக்கலாம் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களில் இச்சிறு சபைகளே தீர்மானிக்கின்றன.

பக்கவாதத்தாற் கை செயலிழந்த ஒருவரை மீண்டும் உண்ணவும் உடுக்கவும் வேலைக்குத் திரும்பவும் பயிற்றுவது தொழில்வழிச் சிகிச்சை. 1917 இல் நியூயோர்க் மாநிலத்திற் கூடிய சிறு குழுவொன்று இதற்கெனச் சங்கம் அமைத்தது. முதலாம் உலகப்போரில் ஊனமுற்ற வீரரின் தேவைகள் துறையை விரிவாக்கின. செயலே மனிதனை மனிதனாக்குகிறது என்பது அதன் அடிப்படை. அக்கருத்து நமக்குப் புதிதன்று.

கலிபோர்ணியாவில் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இதற்கான சபை தோன்றியது. எழுவரில் மூவர் சிகிச்சையாளர், ஒருவர் உதவிச் சிகிச்சையாளர், ஏனைய மூவர் பொதுமக்கட் பிரதிநிதிகள். தகுதியுடையோருக்கு உரிமம் வழங்குதல், இரண்டாண்டுக்கொருமுறை புதுப்பித்தல், தொடர்கல்வியை வலியுறுத்தல், முறைப்பாடுகளை விசாரித்தல் என்பன அதன் கடமைகள். தவறிழைத்தவரின் உரிமத்தை இடைநிறுத்தவோ நீக்கவோ அதற்கு அதிகாரமுண்டு. நிருவாக நீதிபதி விசாரணை நடத்தித் தீர்ப்பொன்றை முன்மொழிவார். அதை ஏற்பதும் மறுப்பதும் சபையின் கையிலேயே உள்ளது. குற்றஞ்சாட்டுவதும் முடிவுகூறுவதும் ஒரே அமைப்பின் பெயரால் நிகழ்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

மக்களின் பாதுகாப்பே சபையின் தலையாய நோக்கம் என்றும், ஏனைய நலன்கள் அதனோடு முரணுமிடத்து அதுவே மேலோங்கும் என்றும் சட்டம் கூறுகிறது. முரண்பாடு எழக்கூடும் என்பதை இவ்வாசகமே ஒப்புக்கொள்கிறது அல்லவா? கைச் சிகிச்சை, விழுங்குதற் குறைபாட்டுச் சிகிச்சை ஆகியவற்றைச் செய்யச் சாதாரண உரிமம் போதாது. மேலதிகப் பயிற்சியைக் காட்டிச் சபையின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாயினுட் சென்றால் உயிருக்கே ஆபத்து; ஆகவே இவ்விதி நியாயமானது. அதேவேளை, பேச்சுச் சிகிச்சையாளருக்கும் இவர்களுக்கும் இடையிலான தொழில் எல்லையையும் இத்தகைய விதிகளே வரைகின்றன. திறன் இங்கு ஒருவகை உடைமையாகிறது.

இவ்வுடைமையுணர்வு எங்கு கொண்டுசெல்லும் என்பதை வட கரோலைனா காட்டிற்று. பல் வைத்தியரே பெரும்பான்மையாயிருந்த அம்மாநிலச் சபை, வைத்தியரல்லாதார் பற்களை வெண்மையாக்கும் தொழிலை நிறுத்துமாறு கடிதங்கள் அனுப்பியது. தொழிலிலுள்ளோரே கட்டுப்படுத்தும் சபை, அரசின் செயலூக்கமான மேற்பார்வையின்றிப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கோரவியலாது என 2015 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்ணியச் சபையிலும் எழுவருள் நால்வர் துறைசார்ந்தோரே.

உரிமங்களை ஒழித்துச் சந்தையிடமே விட்டுவிடலாம் என 1962 இல் மில்ரன் பிறீட்மன் வாதிட்டார். நாம் அதனை ஏற்பதற்கில்லை. பக்கவாத நோயாளி கடைவீதியிற் பொருள் தெரிந்தெடுப்பவர் போலச் சிகிச்சையாளரை ஒப்பிட்டுத் தேர முடியாது. சபை வேண்டும், அதன் அமைப்பே பிரச்சினை. பொதுமக்கட் பிரதிநிதிகள் மூவரும் அத்துறையின் உரிமம் பெறாதோராக இருத்தல் வேண்டும் என்கிறது சட்டம். அவர்களுள் ஒருவரேனும் அச்சிகிச்சையைப் பெற்றவராக இருக்கவேண்டும் என்று அது கூறவில்லை.