சாலையே இல்லாத கிராமங்கள்!

உங்கள் ஊருக்குப் பேருந்து வருகிறதா? ஆட்டோ வருகிறதா? சைக்கிளாவது போகும் அல்லவா? இவை எதுவுமே நுழைய முடியாத கிராமங்கள் ஒரு தீவில் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்தான்!

அந்தத் தீவின் பெயர் ரீயூனியன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. நான் வகுப்பில் உலக வரைபடத்தை மாட்டிப் பாடம் நடத்தியபோது, அது ஒரு சிறு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் எத்தனை அதிசயம்! வாருங்கள், ஒரு வழிகாட்டியுடன் ஐந்து நாள் நடந்துவிட்டு வருவோம்.

தீவின் நடுவே 3,070 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய எரிமலை நிற்கிறது. பெயர் 'பித்தோன் தெ நேஜ்'. 'பனிச் சிகரம்' என்று பொருள். அதைச் சுற்றி அண்டாவைப் போல மூன்று பெரிய பள்ளத்தாக்குகள்: சலாசி, சிலாவோஸ், மஃபாத். 2010-இல் யுனெஸ்கோ இந்த மலைப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தச் சிகரத்தைச் சுற்றித்தான் நம் பாதை போகிறது.

மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, டார்ச், தண்ணீர் எல்லாம் பையில் இருக்கிறதா? வெப்பமண்டலத் தீவில் கம்பளி எதற்கு என்கிறீர்களா? உச்சியில் இரவில் விரல் விறைத்துப் போகும்!

முதல் இரண்டு நாள்

முதல் நாள் முழுக்க ஏற்றம். மேகம் தவழும் காடு. மரங்களில் பாசி, வேர்களில் சேறு. வழிகாட்டி வேகமாக நடக்க மாட்டார். குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருக்கும்! இரவு மலைவிடுதியில் தங்கல்.

மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஏறினால், உச்சியில் சூரிய உதயம்! மேகங்கள் காலுக்குக் கீழே கிடக்கும்.

பிறகு சிலாவோஸ் ஊருக்கு இறக்கம். இந்த ஊர் பருப்புக்குப் பெயர் பெற்றது. இரவுச் சாப்பாடு சோறு, பருப்பு, 'காரி'. ஆமாம், நம் 'கறி' என்ற சொல்லின் உறவுதான் அது!

மழை என்றால் மழை!

வழிகாட்டி அடிக்கடி வானத்தைப் பார்ப்பார். காரணம் உண்டு. 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை கொட்டியது. ஒரே நாளில் அதிக மழைக்கான உலக சாதனை அது! தண்ணீர் வழியாமல் அப்படியே நின்றிருந்தால், உங்கள் அப்பா மூழ்கிவிடுவார். ஓடையில் தண்ணீர் ஏறினால் எவ்வளவு கெஞ்சினாலும் வழிகாட்டி கடக்க விடமாட்டார். அதனால்தான் மழை குறைந்த மே முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் நடக்கிறார்கள்.

மஃபாத்

மூன்றாம் நாள் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு கணவாயைத் தாண்டினால் மஃபாத். இங்கேதான் சாலை இல்லாத கிராமங்கள்! சில நூறு பேர் வாழ்கிறார்கள். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வருகிறது. அரிசி, சிமென்ட், சமையல் வாயு எல்லாம் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும். குப்பையும் அப்படித்தான் வெளியேற வேண்டும். ஆகவே, நாம் தின்ற பிஸ்கட்டின் உறையை நாமே சுமந்து திரும்ப வேண்டும்.

இவ்ரின் போசே என்ற தபால்காரர் சுமார் 40 ஆண்டுகள் இந்தப் பாதைகளில் நடந்தே கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இங்குள்ள பிள்ளைகளுக்குச் சிறிய ஆரம்பப் பள்ளிகள் உண்டு. அதை முடித்தால்? பதினோரு வயது வாக்கில் அம்மா அப்பாவைப் பிரிந்து, கடலோர ஊருக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

இவ்வளவு கஷ்டமான இடத்துக்கு மனிதர்கள் ஏன் வந்தார்கள்? ஒரு காலத்தில் இந்தத் தீவின் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். கொடுமை தாங்காமல் சிலர் இரவில் ஓடி, இந்த மலைகளில் ஒளிந்தார்கள். அவர்களைத் துப்பாக்கியோடு வேட்டையாடினார்கள். மஃபாத் என்பது அப்படித் தப்பி வந்தவர்களின் தலைவர் ஒருவரின் பெயர்தான்!

1848 டிசம்பர் 20 அன்று 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றார்கள். இன்றும் அந்த நாள் அங்கே விடுமுறை. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் அழைத்துச் செல்லப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

திரும்பும் வழி

நான்காம் நாள் 'புளியமரச் சமவெளி' வருகிறது. புளியம்பழம் தேடாதீர்கள்! பெயர்தான் புளி, மரம் வேல மர இனத்தைச் சேர்ந்தது. 'தெக்-தெக்' என்று கத்தும் ஒரு சின்னப் பறவை பயமில்லாமல் அருகே வந்து நம்மை வேடிக்கை பார்க்கும்.

ஐந்தாம் நாள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். கால் வலிக்கிறதா? நமக்குக் காலணி இருந்தது, வழிகாட்டி இருந்தார், இரவில் சூடான சோறும் இருந்தது. அன்று இதே மலையில் ஏறியவர்களுக்கு இவை எதுவுமே இல்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் கூடவே வந்தது. ஆனாலும் அவர்கள் நடந்தார்கள், குழந்தைகளே!