ஊர் கூடிச் செய்த வைத்தியம்

மழைக்காட்டுக்குள் குழுவாகத் தங்கி மனதுக்கும் உடலுக்கும் நலம் தேடும் முகாம்கள் இன்று உலகெங்கும் பரவி வருகின்றன. நம் நிக்கோபார் தீவுகளிலோ ஊர் கூடி நலம் வேண்டும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு.

நான்கவுரி, கமோர்ட்டா, கச்சால் ஆகிய நடுத் தீவுகளில் பாரம்பரிய வைத்தியரை ‘மென்லுவானா’ என்பார்கள். ஒருவர் படுத்துவிட்டால், எந்த ஆவியால் வந்த நோய் என்று அவர் கணிப்பார். அதற்கேற்ப மரத்தில் உருவம் செதுக்கப்படும். பலகையிலோ பாக்கு மட்டையிலோ சூரியன், சந்திரன், மீன், கப்பல் என ஓவியம் தீட்டப்படும். அதன் பெயர் ‘ஹெண்டா’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைத் திரட்டிப் பதிவு செய்தவர் ஆங்கிலேய அதிகாரி இ. எச். மேன்.

சடங்கோடு மருந்தும் உண்டு. காட்டு இலை, பட்டை, வேர், உடம்பு பிடித்துவிடுதல் எல்லாம் இந்த வைத்தியத்தில் அடக்கம். இந்த மூலிகை அறிவை ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) உள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் ஆவணப்படுத்தியிருக்கிறது.

பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தத் தீவுகளின் பழங்குடிப் பகுதிகளுக்குள் வெளியார் அனுமதியின்றி நுழைய முடியாது. அந்தக் கட்டுப்பாடு மிக அவசியமானது. காடு இருந்தால்தான் மூலிகை. அந்த மக்கள் தங்கள் மண்ணில் நிம்மதியாக வாழ்ந்தால்தான் வைத்தியம். இரண்டையும் காப்பது நம் எல்லோருடைய கடமை.