உங்களுக்குத் தெரியுமா? திராட்சைக் கொடியும் திருவிருந்துக் கிண்ணமும்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தல விருட்சம் என்றால் விளக்கம் தேவையில்லை. ஏகாம்பரநாதர் என்றதும் மாமரம் கண்ணில் நிற்கும். கிறிஸ்தவத்துக்கும் அப்படி ஒரு செடி உண்டு. பாடுபடுவதற்கு முந்தைய இரவில் இயேசு தம்மைத் திராட்சைக் கொடி என்றார். சீடர்களைக் கிளைகள் என்றார். தம் தந்தையைத் தோட்டக்காரர் என்றார். கொடியோடு ஒட்டியிருக்கும் கிளைதான் காய்க்கும், அறுந்தது காய்ந்துபோகும் என்பது யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் சாரம். நற்கருணை என்னும் திருவிருந்தைத் தனித்தனிப் பக்தியாக மட்டும் பார்ப்பவர்கள் அந்த அதிகாரத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். ஒரே கொடியில் இருப்பவர்கள் ஒன்றாக அருந்துவதுதான் திருவிருந்தின் திராட்சை இரசக் கிண்ணம்.

*

அந்தச் சீடர்களுக்குக் கொடி புதிதல்ல. இஸ்ரயேல் மக்களைக் கடவுள் நட்ட திராட்சைக் கொடி என்றே பழைய ஏற்பாடு பாடுகிறது. எருசலேம் ஆலய வாசலுக்கு மேல் பொன்னால் செய்த திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. அதன் குலைகள் ஆள் உயரம் இருந்தன என்று வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார்.

*

திருவிருந்துக் கிண்ணத்துக்குத் திராட்சைதான் வேண்டுமா, வேறு பழம் ஆகாதா? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதில் கண்டிப்பானது. இரசம் திராட்சையிலிருந்தே வர வேண்டும், இயற்கையாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது (விதி 924). மது ஆகாதவர்களுக்கு மட்டும், தக்க அனுமதியோடு, புளிப்பேறத் தொடங்கியதும் நிறுத்தப்பட்ட சாறு உண்டு. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் புளிக்காத சாறே வழக்கம். இதற்கு வழி திறந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், விஞ்ஞானி லூயி பாஸ்டரின் முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கி, புளிக்காமல் காக்கும் வழியை 1869-இல் கண்டார்.

*

திருப்பலியில் குரு இரசத்தோடு சில துளி தண்ணீர் கலப்பதைக் கவனித்திருப்பீர்கள். கிறிஸ்துவின் இறைத்தன்மையில் மனிதர்கள் பங்குபெறுவதை அது குறிக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை மட்டும் தொன்றுதொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை. அவர்களுடைய தேவாலயம் ஒன்று சென்னை அரண்மனைக்காரத் தெருவில் 1772 முதல் நிற்கிறது.

*

திராட்சை நம் மண்ணின் பயிர் அல்ல. ஆனால் அதன் மது நமக்கு வெகு பழக்கம். யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். அது நிரம்பி வந்த ஜாடிகளின் உடைந்த ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன.

வழிபாட்டுக்கு வேண்டியபோதுதான் சிக்கல். பச்சைத் திராட்சை கிடைக்காத மலபார்க் கரையில் தோமா கிறிஸ்தவர்கள் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இருந்தும், கடல் கடந்து வந்த உலர்ந்த பழத்தைத் தேடிப்போன அந்தப் பிடிவாதம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. எளிதான வழியை விட்டு, கொடியோடுள்ள உறவைக் காத்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று கொடி செழித்திருப்பது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். அங்கே விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பது அதன் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி.

*

மதுவிலக்குச் சட்டத்துக்கும் திருப்பலிக்குரிய பூசை இரசம் தெரியும். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கின் வழிவந்த சட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் பூசை இரசத்துக்கென்றே 1984-இல் தனி விதிகள் வந்தன.

*

பட்டு நெய்யும் ஊருக்கு ஒரு செய்தி. கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கப் பட்டு உதவாது. ஒரு துளியையும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதால் லினன் துணியோ பருத்தியோதான். அந்தத் துணியை அலசிய முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. மண்ணிலோ, அதற்கென்றே அமைந்த குழியிலோ ஊற்றுவார்கள். உள்ளங்கையில் வாங்கிய தீர்த்தத்தைக் கீழே சிந்தாத ஊருக்கு இந்தக் கவனம் உடனே புரியும்.

*

காஞ்சியில் கிறிஸ்தவப் பணி செய்தது ஸ்காட்லாந்து மிஷன். அந்த மரபினரும் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிறரும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். ஆயர்களை ஏற்ற சபையினரும் ஏற்காத சபையினரும் அதுவரை தனித்தனியே திருவிருந்து நடத்தியவர்கள். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்ததும் அவர்கள் ஒரே பந்திக்கு வந்தார்கள்.